மூன்றரைக் கிலோ

பாசிக் கட்டு ஒன்றுக்கு இருபது கிலோ.
கூடினால் ஓர் இலையை உருவுவேன்,
குறைந்தால் ஒன்றைச் செருகுவேன்.
ஹிடகா கரையில் என் நாற்பத்தாறு கோடை
இந்தத் தராசு முள்ளோடு போனது.
அது என்னிடம் பொய் சொன்னதில்லை,
நானும் அதனிடம்.

அதனால்தான் டிசம்பரில்,
கொட்டகையில் ஆளில்லாத நேரம்,
கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
நானே ஏறி நின்றேன்.
மூன்று கட்டு. மேலே நான்கு கிலோ.

கென்சுகேயைக் கட்டிய வருஷம்
இரண்டரைக் கட்டுதான் இருந்தேன்.

தின்று ஏறிய சதை இல்லை.
குளியல் தொட்டியில் கழுத்துவரை வெந்நீர்,
உள்ளே எலும்பு குளிர்கிறது.
புருவத்தின் வால் உதிர்ந்துவிட்டது,
பென்சிலால் இழுத்துக்கொண்டேன்.
போனை எடுத்தால் செண்டாயிலிருந்து மருமகள்
"மாமா, அத்தை இல்லையா?" என்கிறாள்.

ஹருயோ சொன்னாள்: வயசு.
மருந்துக்கடைக்காரர் சொன்னார்: வயசு.
கென்சுகே ஒன்றும் சொல்லவில்லை,
அவர் சொல்லாததும் அதுதான்.

செவ்வாய்தோறும் தோமகோமாயிலிருந்து வரும்
டாக்டர் சகுமா மட்டும்
கழுத்தில் விரல் வைத்து
தண்ணீர் விழுங்கச் சொன்னாள்.
அங்கே ஏதோ ஏறி இறங்கியது,
கைக்குள் அகப்பட்ட குட்டி மீன்.

டி.எஸ்.எச். பத்தொன்பது.
நாலுக்குள் இருக்க வேண்டியது.

காலையில் என்ன சூப்?
பாசிச் சாறு.
ராத்திரி?
பாசிச் சாறு.
நடுவில்?
கட்டும்போது உடையும் நுனியை வாயில் போட்டுக்கொள்வேன்.
எவ்வளவு காலமாக?
சிரித்துவிட்டேன்.

அயோடின் இல்லாவிட்டாலும் கெடும்,
மிஞ்சிப்போனாலும் சுரப்பி வேலையை நிறுத்தும் என்றாள்.
புரிந்தது.
வெள்ளம் வாசல் ஏறினால்
எந்தக் கடைக்காரன் கதவைத் திறந்துவைப்பான்?

மூன்று மாதம்
காளான் சாறு, கருவாட்டுச் சாறு.
கென்சுகே முகம் சுளிக்காமல் குடித்தார்,
வெளியே போய் நெடுநேரம் வலை அலசினார்.

மார்ச்சில் எண் ஆறு.
குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது,
கால் விரல்கள் என்னுடையவை என்று தெரிந்தது.
முள்ளில் மூன்றரைக் கிலோ குறைந்திருந்தது.

நான் பதினாலும் போகும் என்றிருந்தேன்.
கல்யாணப் பாவாடையை வெயிலில்கூடப் போட்டுவைத்தேன்.

"மீதி பத்தரை?"
டாக்டர் கண்ணாடியைத் துடைத்தாள்.
"அதில் பாசிக்குப் பங்கில்லை.
போனதிலும் பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான்."
அப்போ இந்த ஆறு?
"முப்பது வயசுக்காரிக்கு வந்தால் யோசிப்பேன்.
உங்களுக்குப் பரவாயில்லை.
சுரப்பிக்கும் உங்களோடு சேர்ந்து அறுபத்தெட்டு."
மாத்திரை எழுதவில்லை.

பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
மூன்றரை கடலுக்கு.
இரண்டு பிள்ளைக்கு இரண்டிரண்டு.
படகு ஓடாத குளிர்காலங்களுக்கு, எல்லாம் சேர்த்து, மூன்று.
கென்சுகே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
அவர் மிச்சம் வைத்த சோற்றுக்கு ஒன்று.
இன்னும் இரண்டரை இடிக்கிறது.
யார் பெயரில் எழுதுவது?
வயசு என்று எழுதலாம்.
அது ரசீதில் கையெழுத்துப் போடுமா?

சமானி நிறுத்தத்தில் இறங்கியதும்
பாவாடையை ஹருயோ பேத்திக்குக் கொடுத்துவிட்டேன்.
அவளுக்கும் இடுப்பில் பிடிக்கவில்லை.

ஜூலையில் மூடுபனி கலைந்து
விடியலில் கொடி ஏறியது, படகுகள் போயின.
கூழாங்கல் திடலில்
என்னைவிட நீளமான இலைகளை
ஒவ்வொன்றாக இழுத்துப் பரப்பினேன்.
மூச்சு வாங்கவில்லை.
தூரத்திலிருந்த ஹருயோவைக் கூப்பிட்டேன்,
பெண் குரலில்தான்.

காய்ந்த நுனி உடைந்தது.
கை வாய்க்குப் போனது, பாதியில் நின்றது.
ஏப்ரன் பைக்குள் போட்டேன்.
இருட்டும்போது பைக்குள் ஏழு நுனிகள்.
எறிய மனமில்லை, தின்ன அனுமதியில்லை.

தராசில் வைத்துப் பார்த்தேன்.
முள் அசையவே இல்லை.